சீட்டித் துணியும் நமது 18ஆம் நூற்றாண்டும்

மேலை நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் உடுத்திய ஆடைகளை அந்தக் காலத்து முறைப்படியே வெட்டி, தையல் இயந்திரத்தைத் தொடாமல் கையாலேயே தைத்து, உள்ளாடை முதல் தொப்பி வரை ஒழுங்காக அணிந்து, தம்மையொத்த பிறரோடு கூடி ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பது. இதற்கென நூல்கள் இருக்கின்றன, துணிக்கடைகள் இருக்கின்றன, கூடல்கள் நடக்கின்றன. இப்படி ஒன்று இருப்பதாக நம் இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் பெரும்பாலும் இரண்டு மறுமொழிகளே கிடைக்கின்றன. ஒன்று, 'பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியைப் பெரியவர்கள் நடத்துகிறார்கள் போலும்' என்னும் புன்னகை. மற்றொன்று, 'வெள்ளைக்காரச் சீமாட்டியின் பாவாடைக்கும் நமக்கும் என்ன ஐயா தொடர்பு?' என்னும் வினா.

நண்பர்களே, இவ்விரண்டுக்கும் மறுமொழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய உடையைத் தைத்து அணிவது ஒருவகை வாசிப்பு என்பது எம் கட்சி. அந்தச் சீமாட்டியின் பாவாடைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது என்பதையும் காட்ட விழைகிறோம். இவ்விரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதாக ஒரு கேள்வி எழும்: நமது 18ஆம் நூற்றாண்டை நாம் ஏன் இன்னும் அப்படி வாசிக்கவில்லை?

முதலில் அந்தப் பொழுதுபோக்கு நடக்கும் முறையைப் பார்ப்போம். அடியில் லினன் துணியில் தைத்த தளர்ந்த உள்சட்டை. அதன்மேல் விறைப்பான கச்சு. அந்தக் காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகளைக் கச்சுக்குள் வரிசையாகச் செருகித் தைத்தார்கள். இன்று அதற்குப் பதில் பிளாஸ்டிக் பட்டிகள். பிறகு இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும் இரு பைகள். ஆடையோடு பை தைப்பதில்லை. பை தனி உறுப்பு. பாவாடையின் பக்கப் பிளவுக்குள் கையை விட்டுத்தான் அதை எட்ட வேண்டும். அடுத்து இடுப்பை அகலமாக்கிக் காட்டும் சட்டகம் அல்லது திண்டு, அதன்மேல் பாவாடைகள், எல்லாவற்றுக்கும் மேலே முன்புறம் திறந்த நீண்ட அங்கி. அங்கியின் முன்பக்கத்தைப் பெரும்பாலும் குண்டூசிகளே இணைத்து வைத்திருந்தன. காலையில் உடுத்துவது என்றால் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்துவது.

இந்த விவரங்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜேனட் ஆர்னால்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி அருங்காட்சியகங்களில் எஞ்சியிருந்த பழைய ஆடைகளைத் தையல் தையலாக அளந்து, வெட்டுப் படங்களாக வரைந்து, 1964 முதல் நூல்களாக வெளியிட்டார். நோரா வா 1968இல் பெண்கள் ஆடையின் வெட்டுமுறை வரலாற்றை எழுதினார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டு ஆடைத் தொழிலைப் பழைய முறையிலேயே செய்துகாட்டும் கடை ஒன்று இருக்கிறது. பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் இவர்களிடமிருந்து கற்கிறார்கள். அதன்பின் தாங்களே ஊசியைப் பிடித்து, ஏட்டில் இல்லாத சிலவற்றையும் கண்டுகொள்கிறார்கள்.

அவர்கள் கண்டுகொள்வது என்ன? ஓர் எடுத்துக்காட்டு போதும். எஞ்சியிருக்கும் அங்கிகளின் கைப்பகுதியைக் கூர்ந்து பார்த்தால் சிறுசிறு துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பது தெரியும். செல்வர் வீட்டு ஆடையிலும் ஒட்டு உண்டு. காரணம், அன்று துணியின் விலை அதிகம். தைப்பவளின் கூலி அற்பம். ஒரு சாண் துணியைக் காப்பாற்ற ஒரு மணி நேர உழைப்பைத் தயங்காமல் செலவிட்டார்கள். அங்கி பழசானால் பிரித்து, திருப்பி, வேறு பாணியில் தைத்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பொருளியல் நூலில் ஒரு வரியில் படித்துக் கடந்துவிடலாம். ஒட்டுத்துண்டைக் கையால் தைத்து முடித்தவரோ விரல்நுனியில் அதை உணர்ந்தவர்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இன்னொரு சான்று. சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740இல் வெளியிட்ட 'பமேலா' நாவலின் பணிப்பெண், தனக்குக் கிடைத்த ஆடைகளைத் தனித்தனி மூட்டைகளாகப் பிரித்து, எது தனக்குரியது, எது உரியதன்று என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறாள். பெற்றோரிடம் திரும்புவதற்கென நாட்டுப்புறத் துணியில் எளிய உடை ஒன்றும் செய்துகொள்கிறாள். நவீன வாசகர் இப்பக்கங்களைப் பொறுமையிழந்து புரட்டுவார். துணியின் விலையையும் தையலின் நேரத்தையும் அறிந்தவருக்கு அந்த மூட்டைகள் அவளது ஒழுக்கத்தின் கணக்கேடு என்பது விளங்கும். உடையை அறிந்தால் நாவல் வேறொரு நூலாகத் திறக்கிறது. வாசிப்பு என்று நாம் சொன்னது இதைத்தான்.

இனி இரண்டாவது கேள்வி. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்ணின் கனவுத் துணிகளுள் ஒன்று, பருத்தியில் பூக்களும் கொடிகளும் எழுதிய வண்ணத்துணி. பிரெஞ்சுக்காரர் அதனை 'இந்தியேன்' என்றனர்; ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். நம் பாட்டிமார் அதற்கு வைத்திருந்த பெயர் சீட்டி. சீட்டிப் பாவாடை, சீட்டித் துணி என்று சொல்லக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருப்பார்கள். இத்துணியின் மிகச் சிறந்த வகைகள் மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறின. லண்டனின் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள 18ஆம் நூற்றாண்டு அங்கிகளுள் சில, நம் கரையில் எழுதப்பட்டு அங்கே தைக்கப்பட்டவை. துணி நம்முடையது, தையல் அவர்களுடையது.

பெண்ணாடத்தில் அமர்ந்து இதனை எழுதுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. ஊரின் பெயரே சொல்வது போலப் போர்ச்சுக்கீசியரும் பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் துணி வாங்க வந்து நின்ற துறைமுகம் அது. அதற்குச் சற்று வடக்கே கடலூர். அங்கே 1690இல் ஆங்கிலக் கம்பெனி வாங்கிய புனித தாவீது கோட்டை. அதற்கும் வடக்கே புதுச்சேரி. கம்பெனிகள் தேடி வந்த துணியின் நாடு இந்த மாவட்டத்தைச் சுற்றியே விரிந்திருந்தது.

அத்துணி ஐரோப்பாவில் கிளப்பிய புயலைப் பலரும் அறியார். பிரான்சு 1686இல் எழுதுதுணிக்கும் அச்சுத்துணிக்கும் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701 முதல் வண்ணமிட்ட இந்தியப் பருத்தியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் இன்னொரு சட்டம் இயற்றி, அச்சிட்ட பருத்தி ஆடையை அணிவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. 1774இல்தான் அது நீக்கப்பட்டது. இடையில் 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவிலிறங்கி, பருத்திப் பூந்துணி அணிந்துவந்த பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள். தம் பிழைப்பைப் பறித்த துணியின் மீது அவர்கள் கொண்ட சினம், அதை உடுத்திய பெண்ணுடலின் மீது இறங்கியது. அந்தத் துணியின் ஒரு நுனி நம் கரையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடை போட்டார்கள், தொழிலின் மறையை அறியவும் ஆள் அனுப்பினார்கள். 1734 வாக்கில் பொலியே என்னும் பிரெஞ்சு அதிகாரி புதுச்சேரியில் துணி எழுதுவோரை அருகிருந்து கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினார். அந்தக் குறிப்பேடு இன்றும் பாரிசில் இருக்கிறது. 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து, தம்மிடம் கிறித்தவம் தழுவிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்ததைக் கடிதமாக எழுதி அனுப்பினார். (வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உறவுண்டு என்று ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்சுக்கு முன்பே எழுதியவர் இவரே.) அவர்கள் பதிந்துவைத்த முறை வியப்புக்குரியது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள்; பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் கோடு பரவாமல் காக்கும். இரும்பை ஊறவைத்து எடுத்த நீரால் கறுப்புக் கோடுகள். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல். பிறகு சாயவேரில் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். இம்பூறல் என்று சித்த மருத்துவர் சொல்லும் செடியின் வேர்தான் அந்தச் சாயவேர். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். கடைசியில் மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சள் பட்டால் பச்சை. சிவப்பும் நீலமும் துவைக்கத் துவைக்க மங்காதவை. இத்தனை கட்டங்களையும் அறிந்தவர்கள் எவரும் தம் பெயரைத் துணியில் எழுதிவைக்கவில்லை.

சொற்களிலும் இப்பயணம் பதிந்திருக்கிறது. இந்திய வணிகரைக் குறித்த 'பனியா' என்னும் சொல் ஐரோப்பாவில் ஆண்கள் வீட்டில் அணியும் தளர்ந்த அங்கிக்குப் பெயராயிற்று. பிறகு இங்கே திரும்பி, நம் வீட்டுக் கொடியில் 'பனியன்' என்று காய்கிறது. சீட்டியின் கதையும் அதுவே. இன்று தமிழ்நாட்டுத் திண்ணைதோறும் பூப்போட்ட பருத்தி நைட்டி ஒன்றைக் காணலாம். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பண்பாட்டுக் காவலர்கள், அந்தப் பூ முதலில் எந்தக் கரையில் பூத்தது என்று சற்று விசாரிக்கலாம்.

எனவே, அமெரிக்காவில் ஒரு பெண் தன் ஓய்வுநேரத்தில் சீட்டிப் பிரதியில் அங்கி தைத்து அணியும்போது, அவள் அறிந்தோ அறியாமலோ நம் கரையின் வரலாற்றையும் உடுத்துகிறாள். 2017இல் நெதர்லாந்தின் ஃப்ரீஸ் அருங்காட்சியகம் சீட்டிக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. அதே தொகுப்பு 2021இல் லண்டனுக்கும் வந்தது. 2020இல் கனடாவின் டொரன்டோவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 'உலகை மாற்றிய துணி' என்று பெயரிட்டுக் காட்சி வைத்தது. உலகை மாற்றிய துணி! அந்த உலகத்தின் ஒரு பகுதியாகிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

நாம் இங்கே பிறந்த மெய்கண்டாரின் 12 சூத்திரங்களைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்போம். தூங்கானை மாடத்தின் விமானம் ஏன் யானையின் பின்புறம் போல் வளைந்தது என்று விளக்குவோம். 18ஆம் நூற்றாண்டில் இதே பெண்ணாடத்தில் கதிரறுத்த பெண் என்ன உடுத்தினாள், அது எத்தனை முழம், எங்கே செருகினாள், மழையில் என்ன செய்தாள் என்று கேட்டால் மௌனம்தான். குற்றாலக் குறவஞ்சி அந்த நூற்றாண்டுக்குரியது. அதன் சந்தத்தில் மயங்குகிறோம். அதன் குறத்தி மேடைக்கு வரும்போது அவளுக்கு நாம் உடுத்துவது இந்த நூற்றாண்டின் ஜிகினா.

இதற்கு ஒரு பருப்பொருள் காரணமும் உண்டு. எங்களுக்கு அடுத்திருக்கும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. சுட்ட மண் ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் ஓடாகவாவது எஞ்சும். துணி எஞ்சாது. நம் வெயிலும் மழையும் கரையானும் அதை விட்டுவைப்பதில்லை. மேலும், ஏழையின் துணி கிழியும்வரை சேலை; பிறகு தூளி; பிறகு கரித்துணி. ஆகவே நம் கரையின் 18ஆம் நூற்றாண்டுத் துணிகளுள் எஞ்சியவை பெரும்பாலும் குளிர்நாட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன.

ஆயினும் தடயமே இல்லை என்று கைவிரிப்பதற்கில்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் 1720ஆம் ஆண்டையொட்டி, சேதுபதிகள் காலத்தில் வரையப்பட்டவை. அரசனைச் சூழ்ந்த பெண்களின் பூவேலைத் துணிகளை அங்கே காணலாம். கம்பெனி ஓவியங்கள் என்று அழைக்கப்படும் தஞ்சாவூர்த் தொகுதிகளில் தொழில்வாரியாகக் கணவன் மனைவி இணைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டு மக்களின் படங்கள் உள்ளன. புதுச்சேரியில் துபாஷியாகவும் வணிகராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. துணி வணிகத்தையும் அன்பளிப்பாகக் கொடுத்த உடைகளையும் அதில் தேடிப் படிக்கலாம்.

துணியைச் செய்யும் கையும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எங்களுக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கிறது கோடாலிகருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே செய்த சேலை தனிவகை: சரிகைப் புட்டாவைத் தறியிலேயே நெய்து, அதன்மேல் மெழுகெழுதிச் சாயம் ஏற்றியது. 1855இல் அரச மரபு முடிந்ததும் வாங்குவோரின்றி அத்தொழில் நலிந்தது. சேலை போயிற்று, துணியில் எழுதும் கலை கோயில்களை அண்டிப் பிழைத்தது. தேருக்கும் மண்டபத்துக்கும் தொங்கவிடும் தொம்பைகளையும் விதானங்களையும் எழுதும் குடும்பங்கள் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இருக்கின்றன. கருப்பூர்க் கலம்காரி ஓவியங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படியானால் இங்கே எவருமே பழைய உடையைத் திரும்ப உடுத்திப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். 2020ஆம் ஆண்டு நாட்காட்டிக்காக, சுஹாசினி மணிரத்னம் தொடங்கிய 'நாம்' அறக்கட்டளையின் சார்பில், ஒளிப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளைக் கொண்டு அப்படியே மீட்டுருவாக்கினார். சேலையின் மடிப்பு, நகை, ஒளி அனைத்திலும் அக்கறை தெரிந்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் வந்தபோது சோழர் கால உடை பற்றி ஊரெல்லாம் பேச்சு. இவையிரண்டும் காட்சிக்காகச் செய்தவை. ஒருநாள் உடுத்தி, படம் எடுத்து, கழற்றி வைப்பவை. அந்த உடையில் தண்ணீர்க்குடம் தூக்க முடியுமா, குழந்தைக்குப் பால்கொடுக்க முடியுமா என்ற கேள்வி அங்கே எழ வேண்டியதில்லை. பொழுதுபோக்காகத் தைப்பவர் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். மேலும், ஒன்று 19ஆம் நூற்றாண்டு, மற்றொன்று 10ஆம் நூற்றாண்டு. இரண்டுமே பெரும்பாலும் அரண்மனை. நடுவிலிருக்கும் 18ஆம் நூற்றாண்டும் நடுவீதியிலிருக்கும் பெண்ணும் விடுபட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும்: 'நம் பெண்கள் உடுத்தியது தைக்காத துணி. தைப்பதற்கு என்ன இருக்கிறது?' தமிழர்க்குத் தையல் தெரியாமல் இல்லை. சிலப்பதிகாரம் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. கஞ்சுகம், குப்பாயம் என்னும் சொற்கள் பழையவை. 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான பெண்கள் சேலையை மட்டுமே சுற்றியிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் சுற்றுவதும் ஒரு கலை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய பாட்டிமாரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அக்கட்டில் குனிந்து நாற்று நடலாம், கால் தடுக்காது. இன்று கட்டும் முறையில் வயலில் இறங்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். ஊசியின்றியே இந்த வாசிப்பைத் தொடங்கலாம்.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. அதைச் சுற்றிவளைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். இந்நாட்டில் உடை, சாதியின் எல்லைக்கல்லாக இருந்தது. யார் முழங்காலுக்குக் கீழே உடுத்தலாம், யார் மேல்துணி போடலாம் என்பதை ஊர் தீர்மானித்தது. திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில் சாணார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுதும் போராடினார்கள். தெருவில் அவர்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1859இல்தான், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு, மேலுடம்பை மறைக்க அரசாணை இடம்தந்தது. லண்டன் தெருவில் 1719இல் கிழிந்தது ஒரு துணி. திருவிதாங்கூர்த் தெருவில் கிழிந்தது ஒரு துணி. முன்னதில் சண்டை பிழைப்புக்காக, பின்னதில் மானத்துக்காக. இரண்டிலும் அடிபட்டவள் பெண். நமக்கு ஊசியும் நூலும் வெறும் கைவேலைக் கருவிகளாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, 'அந்தக் கொடுமையை ஏன் திரும்ப உடுத்த வேண்டும்?' என்று ஒரு தோழி கேட்டால் அவர் கேள்வியில் முழு நியாயம் உண்டு. எவரையும் பழைய உடைக்குள் திணிக்க எவருக்கும் உரிமையில்லை. மறுக்கும் உரிமை முதலில் யாருக்கு மறுக்கப்பட்டதோ, அவர்களுக்கே இதில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் உரியது. மேலை நாட்டுப் பொழுதுபோக்காளரிடையேயும் இதே வழக்கு நடக்கிறது. அந்தப் பட்டு அங்கிகளின் செழிப்புக்குப் பின்னால் அடிமை வணிகம் இருந்தது. நம் சோழமண்டல நீலத்துணிகளும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதருக்கு விலையாக எண்ணப்பட்டன. கறுப்பினப் பெண்கள் அதே உடையைத் தைத்து அணிந்து, 'இந்தப் பாணியை எடுத்துக்கொள்கிறோம், அதன் மதிப்பீடுகளை ஏற்கவில்லை' என்று சொல்வதையும் காண்கிறோம். வரலாற்றை மறைக்காமல் உடுத்த வழியுண்டு என்பதற்கு அவர்களே சான்று.

எம் கருத்தில் ஆபத்து இருப்பது எதிர்ப்பக்கத்தில். உடையின் வரலாற்றை நாம் தைத்துப் பார்க்காவிட்டால், அதை விளம்பரக்காரர்கள் தைத்துத் தருவார்கள். 'நம் பாரம்பரிய உடை' என்ற பெயரில் ரவிக்கையோடும் மடிப்புக் கலையாத முந்தானையோடும் ஒரு பெண்ணை நிறுத்தி, ஆயிரமாண்டாக எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்வார்கள். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். அந்தப் பொய்யான பாட்டியின் பெயரால்தான் கல்லூரி வாசலில் பேத்தியின் உடை அளக்கப்படுகிறது. நம் 18ஆம் நூற்றாண்டைச் சரியாக அறிந்திருந்தால் அந்த அளவுகோல் ஒரே நாளில் முறிந்துவிடும். அன்றைய பெண்கள் பலவாறு உடுத்தினார்கள். தொழிலுக்கேற்ப, சாதிக்கேற்ப, மழைக்கேற்ப. எல்லார்க்கும் பொதுவான ஒற்றை மரபுடை என்று ஒன்று இருந்ததேயில்லை. எமது பொழுதுபோக்கு வாதத்தின் அடியில் இருக்கும் அவசரம் இதுவே.

ஏழைப் பெண்ணின் துணியைத் தேடுவது இயலாத காரியம் என்பாருக்கு லண்டனிலிருந்து ஒரு செய்தி. அங்கே கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்ற காப்பகம் ஒன்று 1741இல் தொடங்கியது. பின்னாளில் அடையாளம் காண்பதற்காக, குழந்தையோடு வந்த துணியில் ஒரு துண்டை வெட்டிப் பதிவேட்டில் குத்திவைத்தார்கள். 1760 வரையிலான ஏடுகளில் ஏறத்தாழ 5,000 துண்டுகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் சாமானியப் பெண்கள் உடுத்திய துணிகளுள் பிரிட்டனில் எஞ்சிய மிகப்பெரிய சேகரிப்பு அதுவே. துயரத்தின் பக்கவிளைவாக ஒரு வரலாறு எஞ்சியது. நம்மிடம் அத்தகைய ஏடு இல்லை. பாட்டிமாரின் நினைவு இருக்கிறது, பழைய டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. அவையும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன.

செய்யக்கூடியது என்ன? பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. நம் ஊர்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை கூடி நூல் பேசுகிறோம். அந்தக் கூட்டங்களில் ஒன்றை நூலிலிருந்து நூலுக்கு, அதாவது ஏட்டிலிருந்து இழைக்கு மாற்றலாம். கம்பெனி ஓவியத்தில் ஒரு நெசவாளர் மனைவியைத் தேர்ந்தெடுத்து, அவள் சேலை எத்தனை முழம் இருக்கும் என்று கைத்தறித் துணியைக் கொண்டு கட்டிப் பார்க்கலாம். ஒரு முழத் துணியில் கடுக்காயும் படிகாரமும் இட்டுச் சிவப்பு எப்படிப் பிடிக்கிறது என்று சோதிக்கலாம். பள்ளி ஆசிரியர்கள் உடனிருந்தால் வேதியியல் பாடமும் ஆகும். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணனை அழைத்து, ஜேனட் ஆர்னால்டின் வெட்டுப்படம் ஒன்றைக் காட்டி, 'இதை எப்படி வெட்டுவீர்கள்?' என்று கேட்கலாம். பேராசிரியர்கள் ஒரு கட்டுரையில் சொல்வதை அவர் ஒரு சாக்குக்கட்டிக் கோட்டில் காட்டிவிடுவார். வீட்டிலிருக்கும் மூத்த பெண்களிடம் அவர்களின் தாயார் எப்படிக் கட்டினார் என்று கேட்டு எழுதிவைக்கலாம். அவர்கள் விரும்பினால் கட்டியும் காட்டட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் இலக்கியக் கூட்டத்தின் தேநீர்ச் செலவைவிடச் சற்றே கூடுதல்.

சீட்டியை எழுதியவர் பெயரை நாம் அறியோம். அதை நூற்றவள், நெய்தவர், சாயவேர் தோண்டியவள் எவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் கைபட்ட துணியைக் கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். படியெடுத்துத் தைத்து உடுத்துகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பதை, நாமும் ஒரு முழம் துணியைக் கையிலெடுத்த பிறகு முடிவு செய்வோம்.